மஞ்சள் பையில் மூன்று அட்டைகள்

(நம் ஆஸ்பத்திரியின் ஆதரவாளர் கூட்டத்தில் சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வருடம் இதே கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "டாக்டரம்மா, டயாலிசிஸ் மிஷின் இன்னும் ஒன்று வாங்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் அவ்வளவு அன்பு இருந்தது. நானும் சந்தோஷமாய் ஒரு தொகையைச் சொன்னேன். வீடு திரும்பிய பிறகு அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று வேறொரு பதிலோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

இந்த மேசைமேல் ஒரு மஞ்சள் பை இருக்கிறது, பார்க்கிறீர்கள். ஜவுளிக்கடையில் கொடுக்கிற பைதான். இதற்குள் மூன்று மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. பைக்குச் சொந்தக்காரரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எடுத்து வந்தேன்.

அந்தச் சகோதரர் விசைத்தறித் தொழிலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் நடத்திய முகாமில்தான் முதலில் அவரைப் பார்த்தேன். அப்போது அவருக்கு 46 வயது. இரத்த அழுத்தம் 180க்கு 110. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. காலில் லேசான வீக்கம். கிரியாட்டினின் 1.9. சிறுநீரகம் பாதிக்குமேல் வேலையை இழந்திருந்தது என்று அர்த்தம். அவருக்கோ ஒரு தொந்தரவும் தெரியவில்லை. மூன்று மாத்திரைகள் எழுதிக் கொடுத்தேன். மாதம் தவறாமல் ஐந்து மாதம் வந்தார். ஆறாவது மாதம் வரவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், அவர் வராததை நான் கவனிக்கவும் இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் வருகிறவர்களைப் பார்க்கவே நேரம் போதாது. வராதவர்களை யார் பார்க்கிறார்கள்?

மூன்று வருடம் கழித்து ஒரு ராத்திரி அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். படுக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, முகமும் காலும் வீங்கியிருக்கிறது. கிரியாட்டினின் 11. அன்று இரவே டயாலிசிஸ் ஆரம்பித்தோம். உயிர் தப்பியது. அந்த நேரத்தில் அவர் மனைவி பழைய சீட்டோடு இந்த மஞ்சள் பையையும் என் கையில் கொடுத்தார். நான் பையைத் திறந்து பார்த்தேன். மீதி மாத்திரைகளைக் கண்டதும் கோபம் வந்துவிட்டது. "சொன்னதைக் கேட்காமல் இப்படிக் கொண்டுவந்து நிறுத்தினால் நாங்கள் என்ன செய்வது?" என்று கடிந்துகொண்டேன். அந்த அம்மாள் அழவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தறி ஓடல டாக்டரம்மா. இங்க வந்து போனா ஒரு நாள் கூலி போயிடுது. அவரும் நல்லாத்தான் இருந்தாரு. நாங்க வரலைன்னு யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். நாலைந்து நாள் கழித்து அதை மறுபடி கேட்டு வாங்கி, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாய் எடுத்துக் காட்டி, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன். வைத்தியக் கல்லூரியில் யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்காத பாடம் அன்று கிடைத்தது.

முதல் அட்டையில் ஒன்றிரண்டைத் தவிர எல்லா மாத்திரையும் அப்படியே இருந்தது. அது பிரூசிமைடு. நம் ஜனங்கள் "தண்ணி மாத்திரை" என்பார்கள். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராய் வெளியேற்றுகிற மாத்திரை. போட்டுக்கொண்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி போகவேண்டி வரும். தறியில் நிற்கிறவர் அரை மணிக்கு ஒருமுறை வெளியே போனால் நூல் அறுந்தால் யார் பார்ப்பது? மேஸ்திரி முதல் நாள் சிரித்தாராம், மூன்றாம் நாள் முறைத்தாராம். நான்காம் நாள் இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். "காலையில் ஒன்று" என்று நான் சீட்டில் எழுதியிருந்தேன். அவருக்கு எந்த ஷிப்டு என்று கேட்கவே இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தால் அந்த அட்டை காலியாகியிருக்கும்.

இதைக் கேட்ட பிறகு மற்றவர்களிடமும் விசாரித்தேன். பெண்கள் சொன்னது இன்னும் வேதனை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வரவேண்டும், வழியில் கழிப்பறை கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் தண்ணி மாத்திரையைப் போடுவதில்லை. ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிற நாளிலும் போடுவதில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் முந்தின நாளே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் முன் வந்து உட்காரும்போது கால் வீங்கியிருக்கிறது. நாங்கள் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுகிறோம்! இப்படிப் பல வருடம் நடந்திருக்கிறது.

இரண்டாவது அட்டை பாதி காலி. அது எனாலபிரில். இதைப்பற்றிக் கொஞ்சம் விளக்கவேண்டும். நம் இரண்டு சிறுநீரகங்களிலும் ஒவ்வொன்றுக்கும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்து, ஒன்றரை லிட்டர்போலச் சிறுநீராய் வெளியே அனுப்புகின்றன. இந்த வடிகட்டிகளுக்குள் அழுத்தம் ஏறும்போது புரதம் கசியும், வடிகட்டி ஒவ்வொன்றாய்த் தழும்பாகிப் போகும். எனாலபிரில் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, வடிகட்டிக்குள் இருக்கிற அழுத்தத்தையும் தணிக்கின்றன. இதே வகையைச் சேர்ந்த காப்டோபிரில், சர்க்கரை வியாதியஸ்தரின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 1993இல் ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. 2001இல் லோசார்ட்டான் என்கிற தம்பி மாத்திரைக்கும் அப்படியே நிரூபணம் வந்தது. 2020இல் டாபாகிளிப்ளோசின் என்ற மாத்திரை சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் பலன் தருகிறது என்று தெரிந்தது. அதே வருடம் நம் நாட்டில் அதன் காப்புரிமை முடிந்து விலை வெகுவாய் இறங்கியது. ஆகவே நம் கையில் ஆயுதம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

ஆனால் எனாலபிரில் சிலருக்கு வறட்டு இருமல் கொண்டுவரும். நம் சகோதரருக்கும் வந்தது. ராத்திரி முழுவதும் இருமினார். பக்கத்து வீட்டில் காசநோயோ என்று பேசிக்கொண்டார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது! அவர் என்ன செய்வார்? மாத்திரையை நிறுத்தினார், இருமலும் நின்றது. அவர் என்னிடம் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் லோசார்ட்டானுக்கு மாற்றியிருப்பேன். அதில் இந்த இருமல் தொல்லை அநேகமாய்க் கிடையாது. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றார். மூன்று வருடம் கழித்து நான் கோபித்துக்கொண்டது அவர் நினைத்தது சரிதான் என்று ஆக்கிவிட்டது.

மூன்றாவது அட்டை முழுக் காலி. அம்லோடிபின். இதை மட்டும் அவர் ஒழுங்காய்ச் சாப்பிட்டிருக்கிறார். தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை. ஏனென்றால் அவர் நன்றாய் இருந்தார்.

பிரியமானவர்களே, இந்த வியாதியின் தந்திரம் இதுதான். பல் வலித்தால் நாம் ராத்திரியே எழுந்து மருந்து தேடுகிறோம். சிறுநீரகம் வலிக்காது. பத்தில் எட்டுப் பங்கு வேலை போகிறவரைக்கும் அநேகருக்கு ஒன்றும் தெரியாது. மாத்திரை போட்டால் ஒரு சுகமும் தெரிவதில்லை, போடாவிட்டால் ஒரு கெடுதலும் தெரிவதில்லை. தண்ணி மாத்திரை, இருமல் மாத்திரை போன்றவை போட்டால்தான் தொந்தரவு! அப்படியானால் எந்தப் புத்திசாலி தொடர்ந்து போடுவான்?

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் கெட்டவருக்கு, முற்றின நிலையில் சர்க்கரை தானாய் இறங்கும். சிறுநீரகம் இன்சுலினை அழிக்கிற வேலையைச் செய்யாததால், உடம்பில் அது நீண்ட நேரம் தங்கிவிடுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து, "டாக்டரம்மா, இருபது வருஷத்துச் சர்க்கரை போயிற்று, ஊசியை விட்டுவிட்டேன், சாட்சி சொல்லப்போகிறேன்" என்றார். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். அவரிடம் உண்மையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாட்சி என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதைச் சபை மக்கள் மத்தியில் பேச எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் இங்கே பேசாவிட்டால் வேறெங்கே பேசுவேன்? உபவாச ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்த ஒரு சகோதரி, மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்று எண்ணி எல்லாவற்றையும் கிணற்றில் போட்டுவிட்டார். பரிசோதனைக்குப் போவதும் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடும் என்று எங்களிடம் வரவே இல்லை. வந்தபோது காலம் கடந்திருந்தது. லெந்து நாட்களில் வெறும் வயிறு என்று காலை மாத்திரையை விடுகிறவர்கள் பலர். நான் யாரையும் குற்றப்படுத்தவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் வயதான போதகர் ஐயா ஒருவர், பிரசங்கத்தின் நடுவே, "நானும் காலையில் மூன்று மாத்திரை போட்டுக்கொண்டுதான் இந்தப் பீடத்தில் ஏறுகிறேன்" என்றார். அடுத்த வாரம் அந்தச் சபையிலிருந்து இரண்டு பேர், விட்டுப்போன மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வந்தார்கள். நான் பத்து வருடம் கொடுத்த ஆலோசனையைவிட அந்த ஒரு வரி பெரிதாய் வேலை செய்தது.

படிக்காதவர்கள், ஏழைகள், அதனால்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால வியாதிக்காரரில் சுமார் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காய் எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அப்படிப்பட்டவர்கள் நாளொன்றுக்குச் சாப்பிடவேண்டிய மாத்திரைகளின் நடு எண்ணிக்கை 19. பத்தொன்பது! அதில் ஏறக்குறைய பாதி, உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மாத்திரைகள். அவற்றைச் சாப்பாட்டோடு போடவேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை மட்டும் சாப்பிடுகிற வீட்டில், நாங்கள் "மூன்று வேளை உணவோடு" என்று எழுதிக் கொடுக்கிறோம். எனக்கும் ஒருமுறை இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது என் மேசை இழுப்பறையில் எத்தனை மாதம் கிடந்தது என்பதை என் வீட்டுக்காரர் இங்கே சொல்லாமல் இருப்பாராக.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம்? முதலில் கேள்வியை மாற்றினோம். முன்பு "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்போம். எல்லாரும் "ஆமாங்க" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் சொல்கிற பதில் அது. இப்போது எங்கள் சிஸ்டர், "போன வாரத்தில எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விட்டுப்போகும், எனக்கும் போகும்" என்று ஆரம்பிக்கிறார். பையைத் தலைகீழாய்க் கொட்டச் சொல்லி, மேசையில் பரப்பிவைத்துப் பேசுகிறார். அப்போதுதான் இருமல், தறி, பஸ், வரன் எல்லாம் வெளியே வருகிறது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாய் வாங்கிய டைக்ளோபினாக்கும் அந்தப் பையில் அகப்படுகிறது. எங்கள் மாத்திரை காக்கிற சிறுநீரகத்தை அது இன்னொரு பக்கம் கெடுத்துக்கொண்டிருக்கும்.

எழுதுகிற மாத்திரைகளைக் குறைத்தோம். மூன்று வேளையை ஒரு வேளையாக்க முடிகிற இடத்தில் ஆக்கினோம். எதை நிறுத்தலாம் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறோம். வாந்தி, பேதி கண்டு உடம்பில் நீர் வற்றுகிற நாளில் தண்ணி மாத்திரை, எனாலபிரில் போன்ற சிலவற்றை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தியதை எங்களுக்குத் தெரிவித்து, தேறியதும் மறுபடி தொடங்கவேண்டும். "எப்போதும் நிறுத்தாதே" என்று மிரட்டினால் அதுவும் ஆபத்தாய் முடியும்.

இப்போது அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் சகோதரர் மாதிரி வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது மூச்சு. ஆனால் டயாலிசிஸுக்கு 2016 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது, நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாய்க் கொடுக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை இல்லாமல் போகவில்லை. அது வீட்டுக்குள் வந்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. அந்த டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இது புதிய யோசனையும் அல்ல. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக வைத்தியர் எம்.கே. மணி, சென்னைக்கு அருகே கிராமங்களில் சுமார் 25,000 பேர் நடுவில் செய்த வேலையைப்பற்றி 2003இல் எழுதினார். உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, வீடுவீடாய் இரத்த அழுத்தம் பார்க்கவும் சிறுநீரைச் சோதிக்கவும் வைத்தார்கள். கொடுத்தவை மிக மலிவான பழைய மாத்திரைகள், ரெசர்பின் போன்றவை. அந்தக் காலத்திலேயே நாகரிகம் போய்விட்ட மருந்துகள் அவை. அவைகொண்டே அநேகருடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. வாசலுக்கு வருகிற ஒரு பெண் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு பெண்களுக்குச் சம்பளம். ஆளுக்கு ஒரு ஸ்கூட்டி, பெட்ரோல், இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, ஒரு நோட்டு. குறித்த நாளில் வராதவர் பெயரை அன்று சாயங்காலமே நோட்டில் எழுதி, அந்த வாரத்துக்குள் அவர் வீட்டுக்குப் போய், "ஏன் வரலை?" என்று மரியாதையாய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பையைக் கொட்டிப் பார்க்கவேண்டும். அரசு தராத சில மாத்திரைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பரிசோதனைக்கும் ஒரு சிறு நிதி வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். மிஷின் வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் இன்னார் நினைவாக என்று பலகை வைக்கலாம். பிரதிஷ்டை செய்து போட்டோ எடுத்து இந்தப் பத்திரிகையில் போடலாம். டயாலிசிஸ் அறைக்கு வராமலே போன ஒருவரை எப்படிப் போட்டோ எடுப்பது? எந்தச் சுவரில் பலகை அடிப்பது? பத்து வருடம் கழித்தும் ஒருவர் தறியில் நின்றுகொண்டிருந்தால், அது உங்கள் காணிக்கையாலா, அவர் உடம்புவாகாலா என்று என்னால் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. வருஷா வருஷம் சம்பளம் கேட்டு உங்களிடம் வருவேன் என்பது மட்டும் நிச்சயம்.

சபைகளுக்கும் ஒரு வேண்டுதல். வியாதியஸ்தரை விசாரிக்கப் போகிறீர்கள், ஜெபிக்கிறீர்கள். புறப்படுமுன் "மாத்திரை இருக்கா, தீர்ந்துபோச்சா?" என்று கேளுங்கள். தீர்ந்துபோச்சு என்றால் எங்களுக்கு ஒரு போன் போதும். புத்திமதி வேண்டாம். புத்திமதி சொல்கிற ஆட்கள் அவர்களுக்கு ஏற்கெனவே நிறைய உண்டு.

அந்தச் சகோதரர் செவ்வாய், வியாழன், சனி வருகிறார். கட்டில் ஜன்னலோரம் வேண்டும் என்பார், முடிந்தவரை கொடுக்கிறோம். போன மாதம் தன் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தார். தம்பிக்கு வயது 39, அதே தறி, அதே இரத்த அழுத்தம், சிறுநீரில் கொஞ்சம் புரதம். தொந்தரவு ஒன்றும் இல்லை. இரண்டு மாத்திரை எழுதினேன். எந்த ஷிப்டு என்று கேட்டுத்தான் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அவர் இருமிக்கொண்டு வந்தார். அண்ணன் டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே, "சொல்லுடா டாக்டரம்மாகிட்ட, கோவிச்சுக்கமாட்டாங்க" என்று சத்தமாய்ச் சொன்னது எனக்கும் கேட்டது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன்.

தேநீர் வேளையில் எங்கள் சிஸ்டர் வாசல் பக்கத்து மேசையில் இருப்பார். அந்த நோட்டையும் கொண்டுவந்திருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். உங்களில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று அவரிடம் மெதுவாய்ச் சொல்லுங்கள்.